உணர்ச்சி இல்லாத காலில் நோ இருக்குமா?

"கால்ல உணர்ச்சியே இல்லை எண்டுறான். பிறகு எப்பிடி அந்தக் கால் எரியும்?"

அண்மையில் ஊருக்குப் போன் எடுத்தபோது பெரியம்மா கேட்ட கேள்வி இது. அவரின் மகன், என் அண்ணா, 2009-இல் வன்னியில் ஷெல் துண்டு முதுகில் பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவர். பகலில் சக்கர நாற்காலியில் இருந்து சிரித்துக் கதைப்பார். இரவில் கால் நெருப்பில் கிடக்கிற மாதிரி எரியுது என்று நித்திரையில்லாமல் கிடப்பார்.

பெரியம்மாவிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதே இடத்தில் அடிபட்ட அண்ணாவின் சிநேகிதர் ஒருவர் நிம்மதியாகப் படுக்கிறாராம். "அவனுக்கு இல்லாத நோ இவனுக்கு மட்டும் எங்கயிருந்து வருது?"

மறைக்காமல் சொல்கிறேன். காசு அனுப்பும்போது நானும் அப்படி யோசித்திருக்கிறேன். 'கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுறாரோ?' என்று.

நாங்கள் இரண்டு பேரும் பிழை. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த நரம்பு நோ வருகிறது. காலில் இருந்து செய்தி மேலே போகாது, அது உண்மைதான். ஆனால் காயம்பட்ட இடத்திலும் அதற்கு மேலேயும் உள்ள நரம்புக் கலங்கள் தூண்டப்படாமலே சமிக்ஞை அனுப்பத் தொடங்கிவிடும். மூளை அதைக் காலின் நோ என்றே எடுக்கும். வயர் அறுந்த பிறகும் அலாரம் அடிக்கிற மாதிரி.

ஒரே காயம், ஒருவருக்கு நோ, மற்றவருக்கு இல்லை. ஏன்? காயத்தின் ஆழம், மனநிலை, நித்திரை எல்லாம் காரணம். மரபணுவும் ஒரு காரணம்.

பாகிஸ்தானின் வடபகுதியில் ஒரு சிறுவன் கையில் கத்தியைக் குத்தியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டினான். அவனுக்கு நோ என்றால் என்னவென்றே தெரியாது. 14 வயது நிறைய முதலே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினர்களை ஆராய்ந்தவர்கள், எஸ்.சி.என்.9ஏ என்ற ஒரு மரபணு வேலை செய்யாததே காரணம் என்று 2006-இல் வெளியிட்டார்கள். அதே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால், காயமே இல்லாமல் கையும் காலும் எரிகிற நோய் வருகிறது. அதாவது நோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அது எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

முள்ளந்தண்டுக் காயத்துக்குப் பிறகு வரும் நோவுக்கு இதுதான் காரணம் என்று ஒற்றை மரபணு இன்னும் பிடிபடவில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்கிற வேலையைக் கண்டுபிடிக்கப் பெருந்தொகையானோர் ஆய்வில் சேர வேண்டும். இதுவரை நடந்தவை சின்ன ஆய்வுகளே.

மருந்திலும் இதே கதை. நரம்பு நோவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினை உடைக்கும் நொதியங்களில் ஒன்று சி.வை.பி.2சி19. அதன் வேலை குறைந்த வடிவம் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் கூட. அப்படியானவர்களின் இரத்தத்தில் மருந்து கூடுதலாகத் தங்கும், தூக்கக் கலக்கமும் வாய் உலர்வும் கூடலாம். "மருந்து ஒத்துவரேல்லை" என்று ஒருவர் சொன்னால் அது பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஆனால் இந்த அறிவெல்லாம் யாருடைய உடம்பில் இருந்து வருகிறது? 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, மரபணு ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் 81 வீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். நான் வாழும் பிரித்தானியாவின் யூ.கே. பயோபாங்கில் உள்ள ஐந்து இலட்சம் பேரில் நூற்றுக்கு 95 பேரளவில் வெள்ளையர்.

எங்கள் ஆட்களின் தயக்கம் எனக்கு விளங்குகிறது. 'இரத்தத்தைக் குடுத்து, நாளைக்குப் பிள்ளையின்ர கலியாணப் பேச்சில வந்து நிண்டால்?' என்ற பயம் நியாயமானது. தரவை யார் பார்ப்பார்கள், பெயர் நீக்கப்படுமா, பிறகு விலகலாமா என்று கேளுங்கள். விளக்கமான பதில் கிடைத்தால் சேருங்கள். இங்கே 50 இலட்சம் பேரைத் திரட்டும் அவர் ஃபியூச்சர் ஹெல்த் திட்டத்தில் 18 வயது தாண்டிய எவரும் சேரலாம். நாங்கள் சேராத ஆய்வில் இருந்து எங்களுக்குப் பொருத்தமான மருந்து வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

அதற்கெல்லாம் வருடக்கணக்காகும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போரில் காயப்பட்ட ஒருவராவது இல்லாத ஈழத்துக் குடும்பம் புலம்பெயர் நாடுகளில் குறைவு. அவர் "நோகுது" என்று சொன்னால் நம்புங்கள். மற்றவரோடு ஒப்பிடாதீர்கள்.

நான் அன்றைக்குப் பெரியம்மாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவன் சும்மா சொல்லேல்லை என்ன?" என்றார்.

"இல்லை பெரியம்மா. ஒருநாளும் சும்மா சொல்லேல்லை."