தேக்கடிக் காட்டின் காவலர்கள்



மே மாத விடுமுறை வந்தால் திருப்பரங்குன்றம், பசுமலைப் பக்கமிருந்து தேக்கடிக்கு வேன் பிடிக்கும் அன்பியங்கள் பல. படகில் ஏறி யானைகளைப் பார்த்துவிட்டு, குமுளியில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஆனால் அந்த ஏரி நமக்கு வெறும் சுற்றுலாத் தலம் அல்ல. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணையால் உருவானது அது. அதன் நீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, வைகையில் கலந்து, மதுரை மாவட்டத்து வயல்களை நனைக்கிறது. அந்தக் காடு எப்படி நடத்தப்படுகிறது என்பது நமக்கும் உரிய கேள்வி.

பெரியாறு புலிகள் காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். 1978-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பின்னும் சந்தன மரமும் காட்டுப் பட்டையும் திருட்டுத்தனமாக வெளியேறிக்கொண்டேதான் இருந்தன. திருடியவர்கள் பெரும்பாலும் அடிவாரத்து ஏழைகள். வாங்கி விற்றுக் கொழுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். 1996-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பட்டை உரித்துக் கடத்தியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரை அழைத்துப் பேசி, அவர்களையே காட்டின் காவலர்களாகவும், பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. கடத்தல்காரர்கள் எந்தத் தடத்தில் வருவார்கள், எங்கே தங்குவார்கள் என்பது இவர்களைவிட யாருக்குத் தெரியும்?

சக்கேயுவின் நிகழ்வு நினைவுக்கு வருகிறது. இயேசு அவரைத் திருத்திவிட்டு வீட்டிற்குப் போகவில்லை; வீட்டிற்குப் போவதாகச் சொன்னார், மாற்றம் பிறகு வந்தது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேக்கடியில் அறிவுரையோடு வருமானமும் தரப்பட்டது. வயிற்றுக்கு வழி சொல்லாமல் மனமாற்றம் மட்டும் போதிப்பது நம்மைப் போன்ற குருக்களுக்கு எளிது!

2004-இல் அந்தத் திட்டம் முடிந்தது. வெளிப்பணம் நின்றதும் படுத்துவிடும் திட்டங்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். இங்கே அதே ஆண்டில் பெரியாறு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பயணிகள் கட்டும் கட்டணத்தோடு வாங்கும் கூடுதல் தொகை கருவூலத்துக்குப் போகாமல் காட்டின் பராமரிப்புக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் திரும்புகிறது. எனவே நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்து முணுமுணுக்கும் முன் சற்று யோசிக்கலாம்.

அதற்காகக் கூட்டம் பெருகப் பெருக நல்லது என்று கணக்குப் போடக்கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். ஏற்றக்கூடிய அளவை மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள். நம் தேனி மாவட்டத்தில் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்ற 23 பேரைப் பலிகொண்டது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப்பாதைகளைக் கட்டணத்துடன் திறந்தபோது, பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. நல்ல தொடக்கம். அந்தக் கட்டணத்தில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை பயணிகளாகிய நமக்கு உண்டு.

தேக்கடியிலும் இப்படிக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2002 முதல் 'வசந்த சேனா' என்ற பெயரில் குமுளிப் பகுதிப் பெண்கள் முறை வைத்துக் காட்டுக்குள் ரோந்து செல்கிறார்கள், கூலி வாங்காமல். விறகுக்கும் தண்ணீருக்கும் அந்தக் காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். விருதும் பாராட்டும் அவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. நம் ஆலயங்களைப் பெருக்கிக் கழுவி, பீடத்துக்குப் பூ வைக்கும் பெண்களையும் நாம் திருவிழா மேடையில் பாராட்டத் தவறுவதில்லை. பாராட்டோடு நிறுத்திக்கொள்வதில் வனத்துறைக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கோடையில் அங்கே செல்லும் அன்பியக் குழுக்கள், படகுத்துறைக்குப் போகும் முன் அந்தப் பெண்களில் சிலரையாவது சந்தித்துப் பேசிவிட்டு வரட்டும்.