உடைந்த இரும்பும் உடைத்தவன் என்ற பழியும்

எமது கிராமங்களில் ஓர் இயந்திரம் உடைந்தால் இரண்டு காரியங்கள் தாமதமின்றி நடக்கின்றன. உடைந்த துண்டு பழைய இரும்பு வாங்குபவரிடம் போய்ச் சேருகிறது. பழி, அதைக் கடைசியாகத் தொட்டவரிடம் போய்ச் சேருகிறது. குழாய்க்கிணற்றின் கைப்பம்பி நின்றுவிட்டால் பெண்கள் ஓங்கி அடித்தார்கள் என்போம். படகின் ஷாப்ட் முறிந்தால் ஓட்டியவனுக்கு நிதானம் போதாது என்போம். நாவூறு பட்டது, நேர்த்தி தவறியது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இரும்பு எதனால் உடைந்தது என்ற கேள்வி மட்டும் ஒருவர் வாயிலும் வருவதில்லை. கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டிருக்கும் நாமும் அதைக் கேட்காமலே அடுத்த விலைமனுவுக்குப் போய்விடுகிறோம். இதை நான் நீதிக் குறையாகவே காண்கிறேன்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. இறந்தவர்கள் மற்றவர்களிலும் பெரிய பாவிகளாயிருந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஆண்டவர் அங்கே மறுக்கிறார். மனம் மாறும்படி அவர் கேட்பது, உயிரோடு நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. அது மேசன்மார் விசாரிக்க வேண்டிய விடயம். ஆனால் செத்தவன் தலையில் பழியைப் போடும் வழியை அவர் அடைத்துவிட்டார். அந்த வழி அடைபட்டால்தான் மேசனிடம் போய்க் கேட்கலாம் என்று எமக்குத் தோன்றும்.

அமெரிக்காவில் ஒஹாயோ நதிக்கு மேலாக, பொயின்ற் பிளசன்ற் என்ற சிறு பட்டினத்தருகே, 1928இல் ஒரு பாலம் திறக்கப்பட்டது. அலுமினியம் கலந்த வெள்ளிநிறப் பெயின்ற் பூசப்பட்டிருந்தபடியால் வெள்ளிப் பாலம் என்று பெயர். மற்றத் தொங்குபாலங்களில் கம்பிவடம் தாங்கும் சுமையை இங்கே உருக்குச் சட்டங்களாலான சங்கிலி தாங்கியது. சட்டங்களின் இரு முனைகளிலும் ஊசிக்காது போல் ஒரு துவாரம். துவாரங்களுக்கூடாக ஒரு பெரிய ஆணி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே இரண்டு சட்டங்கள். 1967 டிசம்பர் 15, நத்தாருக்குப் பத்து நாள் முந்திய மாலைநேரம், பாலம் நிறைய வாகனங்கள் நின்ற வேளையில், அது ஒரு நிமிடமளவில் முழுவதாக விழுந்தது. 31 வாகனங்கள் அதனோடு வீழ்ந்தன. 46 பேர் இறந்தனர். இருவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

அந்த ஊரிலும் நாவூறு பார்ப்பவர்கள் இருந்தார்கள். 1777இல் அங்கே கொல்லப்பட்ட கோர்ன்ஸ்ரோக் என்னும் பழங்குடித் தலைவனின் சாபம் என்றார்கள். சிவந்த கண்களோடு பறந்து திரிந்த ஏதோவொன்றை முந்திய வருடம் கண்டவர்கள் உண்டு, அதுதான் முன்னறிவித்தது என்றார்கள். (படித்த நாடு என்று நாம் நினைக்கும் நாடுகளைப் பற்றி இது ஒரு ஆறுதலான செய்தி.) நல்லவேளையாக, விசாரணைக்கு வந்தவர்கள் உடைந்த இரும்பை நதியிலிருந்து வெளியே எடுத்தார்கள். அருகிலிருந்த வெளியொன்றில் துண்டுகளைப் பாலத்தில் இருந்த ஒழுங்கிலேயே பரப்பி வைத்து, ஒவ்வொரு முறிவாகப் பார்த்தார்கள். மற்ற முறிவுகள் யாவும் விழுந்தபோது ஏற்பட்டவை. ஒன்று மாத்திரம் விழுவதற்கு முந்தியது. ஒரு சட்டத்தின் காதுக்குள்ளே, ஆணியோடு முட்டும் பக்கத்தில், சுமார் 2.5 மில்லிமீற்றர் ஆழமான பழைய வெடிப்பு ஒன்று இருந்தது. ஒரு நெல்மணியின் தடிப்பளவுதான். இழுவிசையும் கறளும் சேர்ந்து 39 வருடங்களாக அதை வளர்த்திருந்தன. ஒரு சட்டம் முறியவே மற்றச் சட்டம் ஆணியைவிட்டு வழுவியது. கண்ணியில் மூன்றாவது சட்டம் இருந்திருந்தால் அது பிடித்திருக்கும்.

அந்த வெடிப்பை, மூட்டைக் கழற்றாமல் எந்தப் பரிசோதகராலும் கண்டிருக்க முடியாது என்று அறிக்கை சொல்லியது. அப்படிப்பட்ட வெடிப்பு அந்த உருக்கில் வரக்கூடும் என்பது பாலத்தை வரைந்தவர்களின் காலத்தில் அறியப்படாதது என்றும் சொல்லியது. எனவே பலிக்கடா தேடும் அவசியம் எழவில்லை. ஆனால் வேலை நடந்தது. நதியின் மேற்பக்கம் அதே அமைப்பில் நின்ற இன்னொரு பாலத்தை மூடி, 1971இல் அகற்றினார்கள். நாடு முழுவதிலும் பாலங்களை ஒழுங்காகப் பரிசோதிக்கும் சட்டமும் விதிகளும் 1968இலிருந்து 1971க்குள் வந்துவிட்டன. ஒரு நெல்மணி அளவு வெடிப்பைத் தேடிக் கண்டதன் பலன் அது.

வெடிப்பு மெல்ல வளரும் என்ற அறிவே உலகத்துக்கு எளிதில் வரவில்லை. 1842 மே 8இல் வேர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய புகையிரதத்தின் இயந்திர அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் அதிகமானோர் இறந்தனர். பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. இரும்பு நாட்பட்டால் உள்ளே பளிங்காக மாறிவிடுகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. முறிந்த அச்சுகளைப் பார்த்த ரான்கின் என்ற இளம் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர் 1843இல் வேறுவிதமாகச் சொன்னார்: அச்சு தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குச் சடுதியாக இறங்கும் மூலையில் வெடிப்புத் தொடங்கி உட்புறமாக வளர்கிறது, ஆகவே மூலையை வளைவாகக் கடையுங்கள் என்று. பின்னர் ஜேர்மனியில் வோலர் என்பவர் புகையிரத அச்சுகளை வருடக்கணக்காகச் சுழற்றிப் பரிசோதித்தார். ஒருமுறை தாங்கக்கூடிய சுமையை இலட்சம் முறை தாங்கமாட்டாத உருக்கு, இன்னும் குறைந்த ஒரு சுமையை எத்தனை முறையென்றாலும் தாங்கும் என்று காட்டினார். இதையே உலோகக் களைப்பு என்கிறோம். எமது கடற்றொழிலாளர் கவனிக்க வேண்டியது இதன் அடுத்த பக்கம்: உப்புநீர் பட்டுக்கொண்டிருக்கும் சாதாரண உருக்குக்கு அந்தப் பாதுகாப்பான எல்லை இல்லாமற் போய்விடுகிறது. கரையில் ஆயுள்முழுதும் உழைக்கும் தண்டு கடலில் காலம் குறித்துத்தான் உழைக்கும்.

களைத்து முறிந்த இரும்பு தன் கதையைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். வற்றுக்கடலில் அலை பின்வாங்கிய மணலைப் பார்த்திருப்பீர்கள். வளைவு வளைவாகக் கோடுகள். முறிந்த முகத்தில் அதே கோடுகள் இருக்கும். கோடுகளின் நடுப்புள்ளியைத் தேடிப் போனால் வெடிப்புத் தொடங்கிய இடத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே பெரும்பாலும் ஒரு கூர்மூலை, ஒரு சாவிவெட்டு, ஒரு வெல்டிங் ஓரம், அல்லது ஒரு கறள்குழி இருக்கும். அழுத்தமாயுள்ள பகுதி மெல்ல மெல்ல வெடித்தது. கரடாயுள்ள பகுதி கடைசி நாளில் ஒரேயடியாக அறுந்தது. கரடான பகுதி சிறிதாயின், அன்று ஏற்றிய சுமை பெரிதல்ல என்று பொருள். ஒரேயடியாக அதிக சுமையால் அறுந்த நல்ல உருக்கு வேறு மாதிரி இருக்கும்: வளைந்து, இழுபட்டு, கழுத்து மெலிந்து.

நான் நேரில் அறிந்த ஒரு காரியம் உண்டு. ஒரு செயற்றிட்டத்தின் உழவு இயந்திரப் பெட்டியின் அச்சு, நெல்மூட்டை ஏற்றிவரும்போது முறிந்தது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினான் என்று சாரதியை நிறுத்தினார்கள். முந்திய மாதச் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டார்கள். இருபத்திநாலு வயதுப் பையன். முறிந்த துண்டு தற்செயலாகக் களஞ்சியத்தின் பின்னால் கிடந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். முகத்தில் முக்காற்பங்கு பழைய கறள் படிந்து கறுத்திருந்தது. காற்பங்குதான் புதிய வெள்ளை முறிவு. கோடுகள் போய் நின்ற இடம், வில்லுத்தகட்டைத் தாங்கும் இருக்கையை அச்சோடு ஒட்டிய வெல்டிங்கின் ஓரம். அந்த வெல்டிங் பெட்டியைச் செய்து விற்றவர்களுடையது. அன்றைக்கு அரைவாசி மூட்டை ஏற்றியிருந்தாலும் அந்த மாதத்துக்குள் அது முறிந்தேயிருக்கும் என்றார் நண்பர். நிர்வாகம் கேட்டுக்கொண்டது, பிடித்த பணத்தைத் திருப்பியும் கொடுத்தது. பையன் அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டான். அதே இடத்தில் செய்த இன்னும் மூன்று பெட்டிகள் அதே செயற்றிட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் சொல்லவேண்டும். அவற்றைத் தட்டிப் பார்க்கும் யோசனை அதன் பிறகே வந்தது.

கைப்பம்பியின் வரலாறும் இதுதான். இந்தியக் கிராமங்களில் 1960களில் நட்ட வார்ப்பிரும்புப் பம்பிகள், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணைக் குடும்பத்துக்கென ஆக்கியவற்றின் பிரதிகள். நூற்றுக்கணக்கானோர் நாள்முழுவதும் இறைக்கவே அவை உடைந்து கிடந்தன. மக்களுக்குப் பராமரிக்கத் தெரியாது என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. உண்மையில் தாக்குப்பிடித்தது சோலாப்பூரில், பள்ளிக்கூடத்துப் பொறியியல் படிக்காத ஓர் இந்திய மெக்கானிக் ஆக்கிய உருக்குப் பம்பி. அதை அடிப்படையாக வைத்தே இந்திய அரசும் யுனிசெவ்வும் சென்னையின் றிச்சார்ட்சன் அன்ட் குறடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து 1970களில் ‘இந்தியா மார்க் 2’ பம்பியை உருவாக்கின. அப்போதும் தேடல் நிற்கவில்லை. 1980களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பம்பிகளை வருடக்கணக்கில் கவனித்து, எது எப்போது பழுதடைகிறது என்று எழுதி வைத்தார்கள். அடிக்கடி போவது உள்ளே இருக்கும் தோல் வாஷர் என்று தெரிந்தது. அதற்குப் பதில் நைற்றைல் இறப்பர் போட்டார்கள். குழாய் முழுவதையும் இழுக்காமல் வாஷரை மாற்றக்கூடியதாக ‘மார்க் 3’ வந்தது.

ஆபிரிக்காவில் இன்னொரு பாடம் கிடைத்தது. மேற்கு ஆபிரிக்கக் கிராமங்களில் பம்பித் தண்ணீர் சிவந்து, சோறு நிறம்மாறி, பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பினார்கள். நிலத்தடி நீரில் இரும்பு அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். சிலர் பொறுமையாக ஒரு பரிசோதனை செய்தார்கள்: காலையில் முதல் வாளி, பிறகு தொடர்ந்து இறைத்து இறைத்து அடுத்தடுத்த வாளிகள். முதலில் மிகச் சிவப்பு. இறைக்க இறைக்க இரும்பு குறைந்தது. அப்படியானால் இரும்பு வந்தது நிலத்திலிருந்தல்ல, இரவெல்லாம் தண்ணீர் நின்ற குழாயிலிருந்து. பி.எச். பெறுமானம் 6.5க்குக் கீழே போகும் தண்ணீரில் நாகம் பூசிய குழாய் நிலைக்காது என்பது இன்று தெரிந்த விடயம். தண்ணீரைப் பரிசோதிக்காமல் குழாய்க்கு ஓடர் கொடுக்கும் செயற்றிட்டங்கள் இன்றும் இருக்கின்றன என்பதும் தெரிந்த விடயமே. கிணற்றடிப் பெண்களுக்குச் சுகாதாரக் கருத்தரங்கு வைத்தால் குழாயின் கறள் போகாது.

இதற்கெல்லாம் ஏழைகளுக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அறுவடைக் காலத்தில் பெட்டி நின்றால் ஒட்டித்தான் ஓட்டவேண்டும். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்க முடியாது. ஆனால் ஒட்டுமுன் முறிந்த முகத்தைக் கைத்தொலைபேசியால் நாலு படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். மாற்றிய துண்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கச் செலவே இல்லை. பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு முகங்களையும் சேர்த்து அழுத்தக்கூடாது, கோடுகள் அழிந்துவிடும். கம்பித் தூரிகையால் தேய்க்கவும் கூடாது. காயவிட்டு, மெல்லிய எண்ணெய் தடவி, பொலித்தீனில் சுற்றி, திகதியும் இடமும் எழுதிக் கட்டினால் போதும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இருக்கிறது. மொறட்டுவையில் உலோகங்களையே படிக்கும் துறை இருக்கிறது. எமது செயற்றிட்டங்களிலிருந்து ஒரு துண்டாவது அவர்கள் மேசைக்குப் போனதுண்டா?

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். எது முறிந்தாலும் அடுத்ததைத் தடிப்பாகப் போடு என்பதுதான் எமது பட்டறைகளின் ஒரே வைத்தியம். கூர்மூலை அப்படியே இருந்தால் தடித்த தண்டும் அங்கேதான் முறியும். மூலையை வளைவாகக் கடைய லேத்காரருக்கு மேலதிகமாகச் சில நிமிடங்களே பிடிக்கும். படகுகளின் அடியில் பூட்டும் நாகத் துண்டு, தான் கரைந்து ஷாப்டையும் காற்றாடியையும் காப்பதற்கென்றே இருப்பது. வருடாவருடம் பெயின்ற் அடிக்கும்போது அழகுக்காக அதற்கும் சேர்த்து அடித்துவிடுவதை நான் பல துறைகளில் கண்டிருக்கிறேன். பெயின்ற் பூசிய நாகம் கரையாது. கரையாத நாகம் ஒன்றையும் காக்காது.

எமது மறைமாவட்ட நிலையங்களும், அரசசார்பற்ற நிறுவனங்களும் வருடாந்த அறிக்கையில் எத்தனை பம்பி, எத்தனை படகு, எத்தனை பெட்டி என்று எழுதுகின்றன. அதே பக்கத்தில் எத்தனை உடைந்தன, எந்த இடத்தில், எத்தனை மாதத்தில், முறிந்த முகம் எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதட்டும். உதவி வழங்கும் நிறுவனங்கள் கொள்வனவுக்குக் கொடுக்கும் தொகையோடு தண்ணீர்ப் பரிசோதனைக்கும் உதிரிப்பாகத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லிக் கேட்போம். இவை மெல்ல நடக்கட்டும். சம்பளம் பிடிக்கும் கடிதத்தில் கையெழுத்திடுமுன், முறிந்த துண்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதை மாத்திரம் இந்த மாதமே தொடங்கலாம்.