நீரோட்டம் பார்க்க வாறவரிட்ட எதைக் கேக்கவேணும்?

குழாய்க்கிணறு அடிக்க முந்தி நீரோட்டம் பார்ப்பது யாழ்ப்பாணத்தில் வழமை. முந்தி ஒருவர் கவர்த்தடியோ தேங்காயோ கொண்டு காணியைச் சுத்தி வருவார். இப்ப மிசினும் வயருமாய் வருகினம். விஞ்ஞானம் வந்திட்டுது, சந்தோசப்படுங்கோ எண்டு சொல்லினம். எங்களுக்குச் சந்தோசமில்லை.

கவர்த்தடிக்காரர் இங்கே ஏன் தோற்பதில்லை? குடாநாட்டின் பெரும்பகுதிக்குக் கீழே கிடப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதற்குள் இறங்கி நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் பெரும்பாலும் தண்ணி வரும். பேர் மட்டும் தடிக்கு.

மிசினும் தண்ணியைக் காண்பதில்லை. வெளியே இரண்டு கம்பி அடித்து மின்னோட்டம் விட்டு, உள்ளே இரண்டு கம்பிக்கிடையில் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறது. வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, இன்னும் ஆழத்துச் சங்கதி தெரியும். கிடைப்பது நிலத்தின் மின்தடை எண். அதைத் தண்ணி எண்டு வாசிப்பது மனிசர்தான். களிமண்ணுக்கும் தடை குறைவு, உப்புத்தண்ணிக்கு இன்னும் குறைவு. ஆகவே உப்பு எந்த ஆழத்தில தொடங்குது எண்டு அறியத்தான் இந்த மிசின் எங்கட மண்ணுக்கு நல்லாய் உதவும். அதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை!

எங்கள் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மறுபக்கம் பாருங்கள்: மேலே 1 மீற்றர் இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றிலேயே மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில அதை எட்டிப் பார்த்த நாங்கள்தான் வீட்டுக்கு வந்து "இன்னும் இருபதடி இறக்குங்கோ" என்கிறோம். அடிக்கணக்கில் காசு வாங்குபவருக்கு அது லாபம். உப்பு ஏறினால் நட்டம் பக்கத்து வளவுக்காரருக்கும்தான், அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்று நைத்திரேற்று. தோட்டத்து உரமும் மலக்குழியும் கிணற்றில் சேர்ப்பதை இந்த மிசின் காட்டாது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்டினதா என்று ஆய்வுகூடத்தில்தான் பார்க்கவேணும்.

ஆகவே வாறவர் நிலத்தில் புள்ளி குத்திவிட்டுப் போக விடாதேங்கோ. உப்பு எத்தனை அடியில், எந்த ஆழத்தோடு நிப்பாட்டவேணும், ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கலாம் எண்டு எழுத்தில் கேளுங்கோ. எழுதித்தர மறுத்தால் காசு குடுக்காதேங்கோ.