சராசரி போட்டுப் பாதுகாப்பைச் சொல்லாதீர்கள்

இன்று சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

சுரங்கத்தில் வெட்டிய கல்லை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சுவது தண்ணீர் கலந்த நைசான சேறு. அதைத் தேக்கி வைப்பதற்குத்தான் கழிவு அணை.

பிரேசில் நாட்டில் புருமாடின்ஹோ என்ற ஊர். வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் 86 மீட்டர் உயரத்துக்கு அப்படி ஓர் அணை இருந்தது. 1976இல் தொடங்கி, படிப்படியாக உயர்த்தியது. எப்படி உயர்த்தினார்கள் தெரியுமா? தேங்கிய சேற்றின் மேலேயே அடுத்த கரையைக் கட்டினார்கள். செலவு குறைவு. ஆனால் உள்ளே தண்ணீர் வடியாமல் நின்றால் சேறு திடீரென்று கூழாகிவிடும்.

2019 ஜனவரி 25, மதியம் சாப்பாட்டு நேரம். சில விநாடிகளில் அணை சரிந்தது. சேறு வரும் வழியிலேயே தொழிலாளர்கள் சாப்பிடும் கூடமும் அலுவலகமும் இருந்தன. அபாயச் சங்கு ஊதவில்லை. 270 பேர் இறந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதற்குப் பிறகுதான். இந்த அணைக்கு அரசுப் பதிவேட்டில் இரண்டு தரக்குறியீடுகள் இருந்தன. உடையும் அபாயம்: குறைவு. உடைந்தால் சேதம்: அதிகம். 2018 செப்டம்பரில் உறுதிச் சான்றும் வாங்கியிருந்தார்கள். விபத்தை ஆராய்ந்த நிபுணர்களோ, சரிவதற்கு முன் வெளிப்படையான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றார்கள். பார்வைக்கு நன்றாக இருந்த அணைதான் உடைந்திருக்கிறது.

‘குறைவு’ என்பது ஒரு கணிப்பு. கணிப்பு தவறலாம். ‘அதிகம்’ என்பது அப்படியல்ல. அணைக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தவறக்கூடிய விடையை நம்பி, தெரிந்த விடையை ஓரம் கட்டினார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

என்னிடம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். கணக்கில் 100 வாங்கியவன் தமிழில் 20 வாங்கினால், சராசரி 60 என்று சொல்லித் தேர்ச்சி போடுவோமா? ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும். பாதுகாப்பும் அப்படித்தான். ‘உடையாது’ என்ற நல்ல மதிப்பெண், ‘உடைந்தால் நூற்றுக்கணக்கானோர் சாவார்கள்’ என்பதை ஈடுகட்டாது.

2020 ஆகஸ்டில் வந்த உலகளாவிய கழிவு அணைத் தரநிலை இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. உடையும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்காமல், உடைந்தால் என்ன ஆகும் என்பதை வைத்தே அணைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 100 பேருக்கு மேல் இறக்கக்கூடும் என்றால் அது உச்ச வகை. வகை ஏற ஏற வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தாங்கும்படி கட்டவேண்டிய அளவும் ஏறும். பிரேசிலும் சேற்றின் மேல் கரை கட்டும் முறையைத் தடை செய்துவிட்டது.

“நிபுணர் கையெழுத்துப் போட்ட பிறகு நமக்கென்ன சார்?” என்று சிலர் கேட்பீர்கள். நிபுணர் வேண்டும்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தை வேறு இடத்துக்கு மாற்றப் பெரிய நிபுணத்துவம் தேவையா? ‘அதிகம்’ என்று எழுதிய கை, அடுத்து அதைத்தான் செய்திருக்க வேண்டும். எழுதி வைத்த தரக்குறியீட்டால் ஒரு நாற்காலிகூட நகரவில்லை என்றால், அது வெறும் காகிதம்.

உங்களில் பலர் பொறியாளர்கள். சிலர் அரசுப் பணியில் இருக்கிறீர்கள். அணையோ, கொதிகலனோ, பட்டாசுக் கிடங்கோ, ‘அபாயம் குறைவு’ என்ற சான்று உங்கள் மேசைக்கு வரும்போது, “தவறிப்போனால் அங்கே யார் இருப்பார்கள்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.