ஊசிக்கு அஞ்சவும் வேண்டாம். ஊசியைத் தொழவும் வேண்டாம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஒரு தாயார் சாட்சி கூறினார். சிறுவயது முதல் இன்சுலின் போட்டுவந்த தம் பத்தொன்பது வயது மகள், அக்குபங்சர் சிகிச்சைக்குச் சென்றபின் அதன் அளவைக் குறைத்து, அந்த வாரம் முற்றிலும் நிறுத்திவிட்டாள் என்றார். சபை அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன், நன்றி ஜெபமும் ஏறெடுத்தேன். செவ்வாயன்று அந்தப் பிள்ளை வாந்தியெடுத்தாள். "உடலின் கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்றாராம் சிகிச்சை அளித்தவர். வியாழன் விடியுமுன், மூச்சிரைத்து, நினைவு தடுமாறிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டாள். தேவ கிருபையால் பிழைத்தாள். அன்று வராந்தாவில் நின்ற என்னிடம் மருத்துவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, உங்களில் ஒருவராவது ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டிருக்க வேண்டும். முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான். அக்குபங்சருக்கும் சீன மருத்துவத்துக்கும் போகலாமா என்று உங்களில் சிலர் இப்போது என்னிடம் கேட்கிறீர்கள். இம்முறை மௌனமாக இருக்க மாட்டேன்.

நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'அது அந்நிய தெய்வங்களின் வழி, தொடவே கூடாது' என்பது ஒன்று. 'அது பக்கவிளைவே இல்லாத இயற்கை வழி, எந்நோயும் தீரும்' என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயாமல் சொல்லப்படுபவை. இரண்டையும் நான் மறுக்கிறேன்.

முதலில், அது என்ன? உடலில் 'சி' என்னும் உயிர்சக்தி நாளங்கள் வழியே ஓடுகிறது, அந்த ஓட்டம் தடைப்படுவதே நோய் என்பது பழஞ்சீனக் கொள்கை. அந்நாளங்களின் மேல் 361 புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. சிகிச்சையாளர் உறக்கம், பசி, மலம் ஆகியவற்றை விசாரிப்பார், நாவைப் பார்ப்பார், இரு மணிக்கட்டுகளிலும் நாடி பிடிப்பார். பின்பு மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகி, இருபது அல்லது முப்பது நிமிடம் விட்டுவைப்பார். இலேசான வலியோ, மரத்துப்போன உணர்வோ தோன்றும். சிலர் மூலிகைத் திரியைக் கொளுத்தித் தோலருகே காட்டுவர். சிலர் குவளைகளைத் தோலில் ஒட்டவைத்து இழுப்பர். அதனால் வட்டவட்டமாகத் தழும்பு தோன்றிச் சில நாளில் மறையும். சீன மருத்துவம் என்பது இவற்றோடு மூலிகைக் கஷாயங்களும் சேர்ந்தது.

அஞ்சுகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். அந்தக் கொள்கை நம்முடையதன்று, உண்மைதான். ஆனால் உடலை அறுத்து ஆய்ந்த எவரும் அந்த நாளங்களைக் கண்டதில்லை. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர் 1,162 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு பிரிவினருக்கு முறைப்படியான புள்ளிகளில் ஊசி. ஒரு பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகப் போலியாக ஊசி. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து, முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினரும், போலி ஊசி பெற்றோரில் 44.2 விழுக்காட்டினரும், மூன்றாம் பிரிவில் 27.4 விழுக்காட்டினரும் நலம் கண்டனர்.

இவ்வெண்கள் இரு தரப்பாரையும் ஒருசேர மடக்குகின்றன. இடம் மாற்றிக் குத்தினாலும் ஏறத்தாழ அதே நிவாரணம் என்றால், அந்தப் புள்ளிகளில் அஞ்சத்தக்க ஆவியும் இல்லை, போற்றத்தக்க மறைபொருளும் இல்லை. ஊசி இரும்புதான். சிகிச்சையோடு வேறொரு வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இல்லையேல், ஊசி குத்திக்கொண்ட சகோதரியைப் பின்மாற்றக்காரி என்று முணுமுணுப்பதை நிறுத்துங்கள். எசேக்கியா ராஜாவின் கொப்புளத்துக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஒரு தீர்க்கதரிசி என்பதையும், பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும் மறவாதிருங்கள்.

அப்படியானால் அக்குபங்சரில் பயனே இல்லையா? உண்டு, அதன் அளவு சிறியது. 2012-ல், ஏறத்தாழ 18,000 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, முதுகு, கழுத்து, முழங்கால் ஆகியவற்றின் நாட்பட்ட வலிக்கும் தலைவலிக்கும் அது போலி ஊசியைவிடச் சிறிதே கூடுதலாக உதவியது. அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் பொறுமையோடு நம் பாடுகளைக் கேட்பதும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் அந்த நிவாரணத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன. நாட்பட்ட வலியால் உறங்காதவருக்கு அதுவும் அற்பமன்று. வலிக்காகச் செல்ல விரும்புகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

நான் எதிர்ப்பது வலி என்ற எல்லையைத் தாண்டும் வாக்குறுதியை. சர்க்கரை நோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, வலிப்பு ஆகியவற்றை ஊசியோ ஒருவிரல் தொடுதலோ தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. நம் தமிழ்நாட்டில் 'ஹீலர்' என்ற பெயரில் சிலர், மாத்திரை வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டாம், எல்லாவற்றையும் உடலே பார்த்துக்கொள்ளும் என்று போதிக்கிறார்கள். இதைச் சீன மருத்துவம் என்று அழைப்பதே பிழை. சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே பரிசோதனைக் கூடம் உண்டு. அந்நாட்டுச் சர்க்கரை நோயாளிகளும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். 1938-ல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் கோட்னிஸோடு பணியாற்றிய மருத்துவர் பாசு, பின்னாளில் அங்கே அக்குபங்சர் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவரும் நவீன மருத்துவம் பயின்றவரே. இன்சுலினைத் தூக்கியெறியச் சொல்லும் போதனைக்கு அந்த நாட்டின் பெயரும் பொருந்தாது, அந்த மனிதரின் பெயரும் பொருந்தாது.

"ஈராயிரம் ஆண்டுப் பழமையானது, பொய்யாக இருக்குமா?" என்கிறார்கள். பழமை ஒன்றே சான்றானால், நாம் கைவிட்ட மூடப்பழக்கங்கள் அனைத்தும் மெய்யாகிவிடும். 1822-ல் சீனப் பேரரசரே தம் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சரை விலக்கினார் என்பதும் அந்தப் பழமையின் ஒரு பகுதிதான்.

"மூலிகை இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்கிறார்கள். அரளி விதையும் இயற்கையே. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, அரிஸ்டோலோக்கியா என்னும் நச்சுச்செடி கலந்துபோயிருந்தது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் நூற்றாண்டுச் சீன நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி, மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் என்ற மருந்தைக் கண்டெடுத்தவர் து யோயோ; 2015-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பழைய நூலை வணங்கி நிற்கவில்லை. சாற்றைப் பிரித்தெடுத்தார், விலங்குகளிடம் சோதித்தார், பிறருக்குக் கொடுக்குமுன் தாமே உட்கொண்டு பார்த்தார். பாரம்பரியத்துக்குச் செய்யும் மெய்யான மரியாதை அதுவே.

"பக்கவிளைவே இல்லை" என்பதும் மெய்யன்று. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றொருவருக்குக் குத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். மார்பில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடலாம். அரிதுதான், ஆயினும் நிகழ்ந்திருக்கிறது.

ஆகவே, முதன்முறை செல்கிறவர் கூச்சப்படாமல் சிலவற்றைக் கேட்க வேண்டும். ஊசிகள் உறை பிரிக்கப்படாதவையா, ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படுபவையா? நீங்கள் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றீர்கள்? எத்தனை அமர்வுகள், மொத்தம் எவ்வளவு செலவு, பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவது? இந்தக் கஷாயத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? கர்ப்பவதியானால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரானால், ஊசி போடுமுன்பே சொல்லிவிடுங்கள். மூலிகை உட்கொள்வதானால் உங்கள் மருத்துவருக்கு மறைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் இரண்டாம் முறை செல்லாதீர்கள். புதிதாக வந்த வலிக்குக் காரணம் கண்டறியுமுன் ஊசிக்குப் போகாதீர்கள்; வலி அடங்கும், உள்ளே கட்டி வளரும்.

கடைசியாக, நம் சாட்சி வேளையைக் குறித்து. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. ஆராயாமல் சொல்லும் சுகச்சாட்சியும் பிறனுக்கு விரோதமாகவே முடியும். அதைக் கேட்டு, பின் வரிசையில் இருக்கும் ஒருவர் தம் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். பன்னிரண்டு வருடம் வைத்தியர் பலரிடம் அலைந்து, தனக்குண்டானதையெல்லாம் செலவழித்த ஸ்திரீயின் கதையை மாற்கு மறைக்காமல் எழுதிவைத்தார். நோயாளியின் தவிப்பை விற்றுப் பிழைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிரசங்க பீடத்தை வாடகைக்குக் கொடுக்கிற பாவத்தை நான் ஒருமுறை அறியாமல் செய்தேன். இனி நம் சபையில் மருந்தை நிறுத்தியதாகச் சொல்லும் சாட்சி எதுவும், மருத்துவரின் பரிசோதனைச் சீட்டை மூப்பர்கள் கண்டபின்னரே மேடையேறும். இதை அவிசுவாசம் என்பாரும் இருப்பர். குணமாக்கப்பட்ட குஷ்டரோகியை ஆண்டவர் ஆசாரியனிடம் அனுப்பிக் காட்டச் சொன்னாரே, அதையும் அவர்கள் அவிசுவாசம் என்பார்களோ?

அந்தப் பிள்ளை இப்போது நம் பாடகர் குழுவில் பாடுகிறாள். கைப்பையில் இன்சுலினோடுதான் ஆராதனைக்கு வருகிறாள். அதற்காக நான் ஏறெடுக்கும் நன்றி ஜெபம், அன்று மேடையில் ஏறெடுத்ததைவிட மெய்யானது.

சத்தியத்தின் தேவன் நமக்கு ஆராய்ந்தறியும் இருதயத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.