பேறுகால வேதனையும் இறைவனின் திருவுளமும்



வானதூதரின் வாழ்த்தைப் பெற்றபின் அன்னை மரியாள் செய்த முதற்செயல் என்ன? மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். முதிர்ந்த வயதில் ஆறு மாதக் கர்ப்பிணியாயிருந்த எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கினார் என்கிறார் நற்செய்தியாளர் லூக்கா. ஊவாவின் மலைகளில் வாழும் நமக்கு இந்த நற்செய்திப் பகுதி மிக நெருக்கமானது.

பதுளையை அடுத்த தோட்டமொன்றில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், நிறைமாதத்தை நெருங்கிய இளந்தாய் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். வெளிநாட்டிலுள்ள அவருடைய நாத்தனார், ஹிப்னோசிஸ் முறையில் பிரசவத்திற்கு ஆயத்தம் செய்யும் ஒலிப்பதிவுகளைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். மூச்சை நிதானப்படுத்தி, உடலைத் தளர்த்தி, மனத்தை ஒருமுகப்படுத்தி வேதனையை எதிர்கொள்ளும் பயிற்சி அது. பிரசவத்தின்போது தமக்கு வேண்டியவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைக்கும்படியும் அதில் கூறப்பட்டிருந்ததாம். "இது மனோவசியம், தீய சக்தியின் வேலை" என்று செபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். "வேதனையோடு பெறுவதுதானே ஏவாளுக்குக் கிடைத்த தண்டனை" என்றாராம் மாமியார். "சுவாமி, இது பாவமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் இதுபோன்ற அச்சத்தோடு வந்த ஒரு தாயிடம், "வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் மகளே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறான பதிலல்ல. ஆனால் முழுமையான பதிலுமல்ல. அச்சத்தோடு வந்தவர் அச்சத்தோடே திரும்பினார். அந்தக் கடனை இன்று தீர்க்க விரும்புகிறேன்.

தொடக்கநூல் 3ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். 16ஆம் வசனத்தில் பெண்ணின் பேறுகாலத் துன்பத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே, 17ஆம் வசனத்தில் நிலத்தில் பாடுபடும் ஆணின் துன்பத்தையும் குறிக்கிறது. மண்வெட்டி பிடித்தவனின் பாட்டைக் குறைக்க இயந்திரம் வந்தபோது, அதைப் பாவம் என்று நாம் ஒதுக்கவில்லை. ஆணின் துன்பத்தைத் தணிக்கலாம், பெண்ணின் துன்பத்தைத் தணிக்கலாகாது என்போமாயின், அது வேதத்தின் போதனையல்ல, நமது ஓரவஞ்சனை.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்று கிராண்ட்லி டிக் ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் கடந்த நூற்றாண்டில் எடுத்துரைத்தார். உளப்பயிற்சியால் வலியைத் தணிக்கும் முறைகள் ரஷ்யாவிலும் வளர்ந்தன. இவற்றை ஆராய்ந்த திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், 1956 ஜனவரி 8ஆம் நாள் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், இம்முறைகள் அறநெறிக்கு முரணானவையல்ல என்றும், தொடக்கநூலின் வசனம் அவற்றைத் தடைசெய்யவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். 1957 பெப்ரவரி 24ஆம் நாள் மயக்க மருந்தியல் நிபுணர்களிடம் உரையாற்றியபோது, மருத்துவர் மருத்துவ நோக்கத்திற்காகவும் அறநெறியின் வரம்புக்குள்ளும் பயன்படுத்தும் ஹிப்னோசிஸ் முறைக்கும் இடமுண்டு என்றார். ஆகவே, மகளே, இது பாவமல்ல.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இது மந்திரமுமல்ல, வலியே இராது என்னும் வாக்குறுதியுமல்ல. 2016இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, இப்பயிற்சி வலிநிவாரண மருந்துகளின் தேவையை ஓரளவு குறைக்கக்கூடும் என்றது. முதுகில் ஏற்றும் ஊசி மருந்தின் தேவை குறைந்ததாக அது காணவில்லை. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. எந்தப் பயிற்சியும் குடும்ப நல மருத்துவிச்சிக்கோ வைத்தியசாலைக்கோ ஈடாகாது.

அந்தத் தாளை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் மெல்லிய இசையும் மங்கலான விளக்கும் கேட்பதோடு அது நின்றுவிடலாகாது. நம் மலைகளில் அதற்கு வேறு வேலையும் உண்டு. லயத்திலிருந்து பிரதான பாதைவரை தாயைக் கொண்டுசெல்வது யார்? நள்ளிரவில் எவருடைய முச்சக்கரவண்டி வரும்? 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்சுக்கு வழி சொல்வது யார்? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மண் மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியதையும் கண்ட நாம், மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் என்ன செய்வது என்றும் எழுதவேண்டும். இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், கடுந்தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது கண்டாலும் பொழுது விடியக் காத்திராமல் புறப்படவேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கவேண்டும். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதும் முடிவாகியிருக்கவேண்டும்.

இன்னொன்று மொழி. வேதனையில் துடிக்கும் ஒரு தாய், தமக்குத் தெரியாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார்? அந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், முந்திய பிரசவங்களில் நேர்ந்தவை, "எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோள் ஆகியவை அதில் இருக்கட்டும். கர்ப்பிணிப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். பேறுகாலத்தில் தாய் விரும்பும் துணை உடனிருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. உங்கள் வைத்தியசாலையில் அதற்கு இடமுண்டா என்று கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

கணவன்மாரே, இந்தத் தாளில் உங்களுக்கும் ஒரு வரி உண்டு. சம்பள நாளில் சாராயக்கடைக்குப் போகும் பணம், அந்த மாதங்களில் வாகனச் செலவுக்கென ஒதுக்கப்படட்டும். மனைவியோடு அமர்ந்து அந்த மூச்சுப் பயிற்சியை நீங்களும் பழகுங்கள். சிசு உயிராபத்தில் இருந்தால், குருவானவர் வரும்வரை காத்திராமல், தலையில் நீர் வார்த்து மூவொரு இறைவனின் பெயரால் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திட்டம் தீட்டியபின் அதை ஆண்டவரின் கையில் ஒப்படையுங்கள். மாட்டுத்தொழுவம் மரியாளும் யோசேப்பும் எண்ணியிருந்த இடமல்ல. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலோ, பயிற்சி கைகொடுக்காமல் கதறி அழ நேர்ந்தாலோ, அது தோல்வியுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு இடம் அங்கேதான் வருகிறது: செய்யக்கூடியதை எல்லாம் செய்தபின் எஞ்சும் வேதனையை, சிலுவையில் தொங்கியவரோடு சேர்ந்து சுமப்பது.

அன்று அந்தத் தாய்க்கு இதையே சொன்னேன். அருகில் நின்ற மாமியார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போ நான் கூடப் போறேன் சாமி" என்றார். எலிசபெத்தின் வீட்டு வாசலில் மரியாள் வந்து நின்றது அக்கணத்தில் என் கண்முன் தெரிந்தது.

உங்கள் லயத்திலும் ஒரு எலிசபெத்து இருக்கிறாரா? இன்றே சென்று கேளுங்கள்.

மலைநாட்டுக்கு விரைந்த அன்னையே, எங்கள் தாய்மாருக்குத் துணையிரும். ஆமென்.