சொல்லோடு சொல் சேர்க்கப் பழக்குவோம்



சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். தாய்மார் கூட்டம் முடிந்ததும் ஓர் இளம் தாய் என்னிடம் வந்தார்.

"மிஸ், என்ரை பிள்ளைக்கு 5 வயது. வாற வருஷம் தரம் 1க்குப் போகப்போறாள். ஆனால் துண்டு துண்டாத்தான் கதைக்கிறாள். வீட்டிலை பழக்குங்கோ எண்டு ரீச்சர் சொல்லுறா. நான் 2008இலை ஆறாம் வகுப்போடை இடம்பெயர்ந்தனான். பிறகு பள்ளிக்கூடமே போகேல்லை. எனக்கு என்ன இலக்கணம் தெரியும்?"

"இப்ப நீங்கள் கதைச்சதிலையே ‘ஆனால்’ இருந்தது, ‘பிறகு’ இருந்தது. இந்த இலக்கணம் உங்களுக்குத் தெரியும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிள்ளைக்கு இணைப்புச் சொற்களைப் பழக்குவதற்குக் கொப்பியும் பென்சிலும் தேவையில்லை. நாளாந்தம் கதைக்கும் கதையே போதும். அந்தத் தாய்க்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ‘உம்’. "புட்டு, சம்பல் சாப்பிட்டேன்" என்று பிள்ளை சொன்னால், "ஓம், புட்டும் சம்பலும் சாப்பிட்டாய்" என்று திருப்பிச் சொல்லுங்கள். பிழை என்று சொல்ல வேண்டாம். ‘உம்’ இரண்டு பெயரிலும் ஒட்டும் என்பதைக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ‘பிறகு’. காலையில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். "எழும்பினேன், பிறகு முகம் கழுவினேன், பிறகு தேத்தண்ணி குடித்தேன்" என்று பிள்ளை அடுக்கட்டும். நன்றாகப் பழகியதும், "எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்தாய்" என்று ஒரே வசனமாகச் சொல்லிக் காட்டுங்கள்.

மூன்றாவது ‘ஆனால்’. "மாமரம் நிற்குது, ஆனால்..." என்று நிறுத்திவிடுங்கள். "காய் இல்லை" என்று பிள்ளை முடிக்கும். பிறகு பிள்ளை தொடங்க, நீங்கள் முடியுங்கள்.

கடைசியாக ‘அதனால்’, ‘ஏனென்றால்’. இவைதான் கடினம். "மழை பெய்தது, அதனால் உடுப்பு நனைந்தது." இதையே திருப்பினால், "உடுப்பு நனைந்தது, ஏனென்றால் மழை பெய்தது." பிள்ளைகள் இவ்விரண்டையும் மாற்றி, "உடுப்பு நனைந்தது, அதனால் மழை பெய்தது" என்பார்கள். சிரிக்காதீர்கள். "எது முதல் நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் ‘அதாலை’ என்றும் ‘பெய்தபடியால்’ என்றும் சொல்கிறோம். அவையும் நல்ல தமிழ்தான். ‘ஆகவே’, ‘எனவே’ எல்லாம் பள்ளிக்கூடத்தில் வந்து சேரும்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாயை மறுபடி சந்தித்தேன். மழையில் தொடங்கி, கோழி, ஆடு என்று விளையாட்டு நன்றாகப் போயிருக்கிறது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது பிள்ளை தானாகவே ஒரு வசனம் சொன்னதாம்: "நான் அப்பான்ரை போனை உடைச்சனான், அதாலை அப்பா கட்டாருக்குப் போட்டார்."

தகப்பன் போய் ஒரு வருடம். வீட்டுக் கடனுக்காகப் போனவர். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று ஒருவரும் காரணம் சொல்லவில்லை. அதனால் பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதை ஒரு வருடமாக மனதில் சுமந்திருக்கிறது.

வீட்டில் நடக்கும் பிரிவுக்கும் சண்டைக்கும் தாங்களே காரணம் என்று சிறு பிள்ளைகள் நினைப்பது வழமை. வெளியே சொல்லத் தெரியாதபோது அது உள்ளேயே கிடக்கும். அந்தத் தாய் பிள்ளையை மடியில் வைத்து, "போன் உடைஞ்சதுதான், ஆனால் அப்பா அதுக்காகப் போகேல்லை. எங்களுக்குக் கடன் இருக்கு, அதாலை போனவர். உன்னிலை அவருக்குக் கோவமில்லை" என்று சொல்லியிருக்கிறார். இதைவிட நல்ல பாடத்தை எந்த ரீச்சரும் படிப்பித்திருக்க முடியாது.

சகோதரிகளே, எங்களில் பலருக்கு ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சொல்ல ஒன்றும் இல்லை. "தாத்தா எங்கே?" என்று பேரப்பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. "எங்களுக்கு இன்னும் தெரியாது, ஆனால் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லலாம். அது உண்மையான வசனம். பிள்ளைக்கு விளங்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் கதைக்க மாட்டார்கள். அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். 3 வயதாகியும் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, அல்லது நீங்கள் சொல்வது விளங்கவில்லை என்றால், தாமதிக்காமல் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

இன்று இரவே தொடங்குங்கள். பிள்ளை வசனத்தை முடிக்கும்வரை மட்டும் பொறுமையாகக் காத்திருங்கள்.